ஓடாத வண்டியின் முதல் ஆயில்

எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஒரே பேச்சுதான். புது வண்டிக்கு முதல் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்? சாப்பிடும்போது அந்தப் பேச்சு. இரவு ஜெபம் முடிந்து பாயை உதறும்போது அந்தப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து ஆட்டோவில் திரும்பும்போதும் அதே பேச்சுதான். சொந்தமாகக் கார் இருக்கிறவர்கள் எதற்கு ஆட்டோவில் போனோம் என்று கேட்டால், அந்தக் காரை ஓட்டக் கூடாது. அது எனக்கு வரப்போகும் மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுக்க வைத்திருப்பது. யார் அந்த மாப்பிள்ளை என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது.

அப்பா வேதமாணிக்கம் உடன்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து, ராயபுரத்தில் கடை போட்டு, காசிமேட்டுப் படகுகளுக்குக் கயிறும் வலையும் மொத்தமாக விற்கிறவர். வியாபாரத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஆள் வந்து கேட்காமல் சுருளைப் பிரிக்கக் கூடாது. பிரிக்காத கயிற்றுச் சுருள் எத்தனை வருடம் கிடந்தாலும் புதுச் சரக்கு. ஒரு முழம் அறுத்துவிட்டால் மிச்சம் முழுக்கத் துண்டுக் கயிறு, அதைக் கேட்க நாதியிருக்காது. இந்தச் சட்டத்தை வைத்துத்தான் அவர் கடையை வளர்த்தார், அம்மாவின் கல்யாணப் பட்டை இன்னும் உறையோடு வைத்திருக்கிறார், காரையும் நிறுத்தினார். சீட்டில் பாலித்தீன் உறைகூட அப்படியே இருந்தது.

முதலில் அந்தக் கார் ஆன்றோவுக்காக, என் பேரில் வாங்கியது. ஆன்றோ நாகர்கோவில்காரர், மஸ்கட்டில் வேலை. நிச்சயம் முடிந்து நான்கு மாதம் தினமும் சாயங்காலம் ஃபோனில் பேசினோம். கல்யாணத்துக்குப் பிறகு மஸ்கட்தானே, வேலை எதற்கு என்று அவர்கள் வீட்டில் கேட்டதால், திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் பார்த்துவந்த வேலையையும் விட்டேன். கோயிலில் கல்யாண அறிவிப்பாக மூன்று ஞாயிறு வாசிக்கிற ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முன்னால் ஆன்றோவின் அண்ணன் அப்பாவுக்கு ஃபோன் செய்து, பையனுக்கு இஷ்டம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். காரணம் சொல்லவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. ஆன்றோவின் நம்பரை அன்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

மண்டபத்தை நிறுத்தினார்கள், சமையல்காரரை நிறுத்தினார்கள், ஃபாதரிடம் போய்ச் சொன்னார்கள். காரை மட்டும் நிறுத்த முடியவில்லை. அந்த வாரமே முன்பக்கம் ரோஜா மாலையோடு வந்து நின்றது. எங்கள் கடை வேனை ஓட்டும் பஷீர் அண்ணன் மாலையைக் கழற்றிவிட்டு, அதை விம்கோ நகரில் இருக்கும் எங்கள் கோடவுனுக்கு ஓட்டிப் போய், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் விட்டு ஷட்டரை இறக்கினார்.

நான் அழவில்லை. அம்மா தங்கபுஷ்பம் அதை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள். "எம் பிள்ள ஒரு சொட்டு கண்ணீர் விடல, பாத்துக்கிடுங்க." பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், கோடவுனில் உட்கார்ந்து பில் போட்டேன். வீட்டில் யாரும் ஆன்றோவின் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் ஆயில் வந்தது என்று நினைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது பஷீர் அண்ணன். ஒரு நாள் காரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, புது என்ஜின் உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒரசிகினு இரும்புப் பொடி வுடும். மொத ஆயில் அத்தயெல்லாம் வாரிகினு வந்துரும். ஆயிரம் கிலோமீட்டர்லயே அத்த ஊத்திட்டு வேற போட்டுரணும். படகு என்ஜினுக்கே நாங்க அப்டிதான் பண்ணுவோம்."

"ஆயிரத்துக்கு எங்க போக? அது நாப்பத்தொண்ணுல்லா ஓடிருக்கு" என்றார் அப்பா.

"புக்குல இன்னா போட்டுகீது?"

புத்தகத்தை நான்தான் படித்துச் சொன்னேன். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது.

"ஒரு வருசத்துக்குள்ள குடுத்துருவோம்" என்றார் அப்பா. யாருக்கு என்று பஷீர் அண்ணன் கேட்கவில்லை.

அதன்பிறகு இந்த விஷயம் உறவுக்குள் பரவியது. தூத்துக்குடி மாமா, ஐநூறிலேயே மாற்றாவிட்டால் என்ஜின் போச்சு என்றார். பெரம்பூர்ச் சித்தப்பா, அதெல்லாம் அந்தக் காலத்து வண்டிக்கு, இப்போது என்ஜினைப் பளிங்கு மாதிரி இழைத்து அனுப்புகிறார்கள், முதல் ஆயிலைத் தொடவே கூடாது என்றார். குடும்பம் இரண்டு சபையாகப் பிரிந்தது. என்னைக் குசலம் விசாரிக்கக் கூப்பிடுகிற அத்தைமார்கூட, என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், வண்டி ஆயில் மாற்றியாச்சா என்று கேட்டுவிட்டு வைத்தார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இல்லை அத்தை, இன்னும் மாற்றவில்லை அத்தை என்று சொல்வதற்கு ஒன்றும் செலவில்லை.

அப்பா எந்தச் சபையிலும் சேரவில்லை. ஆயிலை மாற்றினால் வண்டியைத் திறந்த மாதிரி ஆகிவிடும் என்பது அவர் எண்ணம். ஆனால் சும்மா நின்றால் பாட்டரி இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதால், தினமும் காலையில் கோடவுனிலேயே ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைக்கச் சொன்னார். வண்டி ஓர் அங்குலம் நகரக் கூடாது, மீட்டர் ஏறக் கூடாது. பஷீர் அண்ணன் அதைத் தினசரி தொழுகை மாதிரி தவறாமல் செய்தார். புகை வாடையில் நான் பில் புத்தகத்தோடு வெளியே வந்து நிற்பேன். தெருவில் போகிற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாவது சம்பந்தம் வந்தது. பையன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நல்ல குடும்பம், முதலில் நின்றுபோனது தெரிந்தே கேட்கிறார்கள் என்று அம்மா இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தாள். என்னிடம் ஒரு போட்டோவைக் கொடுத்தாள். பார்த்தேன். மூக்கும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. உனக்குச் சம்மதமா என்று அவளும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது நினைவுக்கு வரும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. யார் எங்கே உட்காரச் சொன்னாலும் நான் உட்கார்ந்துவிடுவேன், எழுந்திருக்க எனக்குத் தோன்றவே தோன்றாது என்ற பயம்.

பையனின் தாய்மாமன் டென்னிஸ், துறைமுகத்தில் லாரிகள் ஓட்டுகிறவர். அவர் ஃபோன் செய்தார். "பிள்ளய போட்டோல பாத்தாச்சி அண்ணாச்சி. பூ வைக்கதுக்கு முன்ன வண்டிய ஒரு நட பாத்துருவோம்."

அவர் வருகிற காலையில் கோடவுனில் எனக்கும் காருக்கும் ஒரே நேரத்தில் அலங்காரம் நடந்தது. பஷீர் அண்ணன் காருக்கு ஷாம்பு போட்டார். அம்மா ராயபுரத்திலிருந்து வந்து எனக்குப் பூ வைத்து, சேலை மடிப்பைக் குனிந்து இழுத்துவிட்டாள். டென்னிஸ் அங்கிள் தூய வெள்ளைச் சட்டையில் வந்தார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

ஆயில் அளக்கிற கம்பியை உருவினார். துடைத்தார், மறுபடி செருகி உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, ஆயில் ஏறியிருக்கு."

"ஏறியிருந்தா நல்லதுதான?"

"ஆயில் கொறயும் அண்ணாச்சி, ஏறாது. இதுல பெட்ரோல் எறங்கியிருக்கு. மோந்து பாருங்க."

அப்பா மோந்து பார்த்தார். பஷீர் அண்ணனும் பார்த்தார். டென்னிஸ் அங்கிள் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி, உட்பக்கத்தைக் காட்டினார். வெளுத்த மஞ்சளில் ஏதோ தயிர் மாதிரி படிந்திருந்தது.

"நின்ன எடத்துலயே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கீங்க. சரிதான?"

"டெய்லி" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது. "ஒரு நாள் தவறல."

"அதுதான் தப்பு. என்ஜின் முழுசா சூடாகுறதுக்குள்ள அணச்சா, உள்ள போன பெட்ரோலும் தண்ணியும் வெளிய போகாம ஆயில்ல தங்கிரும். ஒரு வருசம் தங்கியிருக்கு. சும்மா போட்டிருந்தாகூட இம்புட்டு ஆயிருக்காது."

கயிறு இப்படி அப்பாவை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. பஷீர் அண்ணன் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க" என்றார் டென்னிஸ் அங்கிள். "எல்லா ஆயிலையும் மாத்திருங்க. என்ஜின், கியர், பிரேக்கு, கூலன்ட்டு, ஒண்ணு விடாம. புது வண்டியா எங்க கைக்கு வந்தா போதும். பிள்ளயப் பத்தி எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. நடந்தது நடந்துபோச்சி, நாங்க அதப் பெருசா எடுத்துக்கிடல."

"மாத்திருவோம், நாளைக்கே மாத்திருவோம்" என்றார் அப்பா. அந்த அவசரத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. நூறு படகுக்காரர்களிடம் பேரம் பேசி ஒரு பைசா இறங்காத மனிதர் அவர். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் திருவொற்றியூர் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். வண்டி என் பேரில் இருப்பதால் நானும் வரவேண்டும் என்றார்கள். பஷீர் அண்ணன் ஓட்ட, நானும் அப்பாவும் பின்னால் உட்கார்ந்தோம். ஒரு வருடத்தில் அந்தக் காரில் நான் முதல்முறையாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அசைந்தால் பாலித்தீன் கறகறவென்று சத்தம் போட்டது. முதல் பிரேக்கில் துருப்பிடித்த பிரேக் தட்டு கீச்சென்றது. அப்பா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு மீட்டரையே பார்த்தார். ஓர் எண் மாறும்போதெல்லாம் அவர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, நா வேணும்னு பண்ணல" என்றார் பஷீர் அண்ணன், ரோட்டைப் பார்த்தபடியே. "கெட்டுப்பூடும்னு தெரிஞ்சா தொட்ருக்கவே மாட்டேன்."

"நான் சொன்னதத்தான நீ செஞ்ச" என்றார் அப்பா.

சர்வீஸ் சென்டரில் எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் ஹஃப்சா. என்னைவிடச் சின்னவள், கையில் டேப்லட்டோடு நின்றுகொண்டே பேசினாள். அப்பா நடந்ததை முழுக்கச் சொன்னார். டென்னிஸ் அங்கிள் சொன்னது, தூத்துக்குடி மாமா சொன்னது, பெரம்பூர்ச் சித்தப்பா சொன்னது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னார். ஒரு வருடப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவள் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு வந்தாள். "என்ஜின் கெட்டுப்போகல சார். என்ஜின் ஆயில் மட்டும் மாத்திடலாம். மத்ததுக்கெல்லாம் இன்னும் வருஷக்கணக்கில டைம் இருக்கு."

"மொத ஆயில சீக்கிரம் மாத்தணும்னு சொல்லுதாவளே?"

"தினம் ஓடுற வண்டிக்கு அவசரமே இல்ல சார், புக்குல போட்டபடி மாத்தினா போதும். சில பேர் திருப்திக்காக முன்னாடியே மாத்துவாங்க, அதுவும் தப்பில்ல. உங்க வண்டி ஓடாததாலதான் இப்ப மாத்த வேண்டியிருக்கு. இனிமே தினம் கொஞ்ச தூரம் ஓட்டுங்க. நல்லா சூடாகட்டும்."

"இல்லம்மா, எல்லாத்தயும் மாத்திருங்க. மாப்பிள்ள வீட்டுல கேட்டிருக்காவ."

ஹஃப்சா அவரைப் பார்த்தாள். பிறகு டேப்லட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேடம், வண்டி உங்க பேர்ல இருக்கு. நீங்க சொல்லுங்க. எல்லாம் மாத்தணுமா, என்ஜின் ஆயில் மட்டும் போதுமா?"

அவள் வேலைக்காகக் கேட்டாள், அவ்வளவுதான். நாளெல்லாம் நூறு பேரிடம் கேட்கிற கேள்வி. ஆனால் கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நான் சொல்கிற வரைக்கும் அவள் அடுத்த வேலைக்குப் போகப் போவதில்லை என்று தெரிந்தது. என்ன வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். ரொம்ப நாளாக யோசிக்காத விஷயம் என்பதால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என்ஜின் ஆயில் மட்டும் போதும்" என்றேன்.

"பிள்ள, அவிய எல்லாத்தயும்லா கேட்டாவ" என்றார் அப்பா.

"அவங்களுக்கு இந்த வண்டி போகலப்பா. நானும் போகல."

ஹஃப்சா தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். பஷீர் அண்ணன் டீ குடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனார். நானும் அப்பாவும் காத்திருக்கிற அறையில் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் காரை மேலே தூக்கியிருந்தார்கள். அடியில் ஒருவர் திருகாணியைக் கழற்றினார். ஆயில் இறங்கியது. தேன் மாதிரி கெட்டியாக வரும் என்று நினைத்திருந்தேன். தண்ணீராக ஓடிவந்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அக்கம்பக்கம் என்ன சொல்லும், அம்மா தாங்குவாளா, டென்னிஸிடம் எந்த முகத்தோடு பேசுவேன் என்று வரிசையாக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை மட்டும் அசைந்தது.

"பையன் பிடிக்கலயா?"

"அவர எனக்குத் தெரியாதுப்பா. எனக்குக் கல்யாணம் வேண்டாம் இப்ப. பழைய ஆபீஸ்ல திரும்பக் கேக்கப் போறேன்."

"ஏன் பிள்ள, முன்னயே சொல்லிருக்கலாம்லா."

"நீங்க கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். மறுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயில் நூலாகி, சொட்டாகி, நின்றது. அந்த ஆள் திருகாணியைத் துடைத்துத் திரும்பப் பூட்டினார்.

"அப்பவும் நான் கேக்கல, என்ன?" என்றார் அப்பா.

எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது.

"அவன் அண்ணன் ஃபோன் பண்ணின உடனே எனக்கு மண்டபம், சமையல், வண்டின்னுதான் ஓடிச்சி. உங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல." அவர் என் பக்கம் திரும்பவில்லை. காரைப் பார்த்தே பேசினார். "அந்தப் பையன உனக்குப் பிடிச்சிருந்துதா பிள்ள?"

ஒரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. நிச்சயத்துக்கு முன்னாலும் கேட்கவில்லை, நின்றுபோன பிறகும் கேட்கவில்லை. பதில் என்னிடம் அப்படியே இருந்தது. சாயங்காலம் ஃபோன் மணி அடிக்குமுன்னாலேயே மொட்டைமாடிக்கு ஓடிப்போய் நின்றது, அவர் ஒருமுறை எனக்காகக் கடல் சத்தத்தை ஃபோனில் பிடித்துக் காட்டியது, இங்கேயும் கடல்தான் இருக்கிறது என்று நான் சிரித்தது, எல்லாம் இருந்தது.

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சுப்பா" என்றேன்.

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுகி, வாய் கோணி, பக்கத்து சோபாவில் இருந்தவர் எழுந்து தள்ளிப்போகிற மாதிரி சத்தமாக அழுதேன். வலித்தது. ஒரு வருடம் கழித்து வலித்தது. அப்பாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதுகில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

ஹஃப்சா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "சார், வண்டி ரெடி. எடுத்துக்கலாம்."

"கொஞ்சம் நிக்கட்டும்மா" என்றார் அப்பா. "பிள்ள அழுதுகிட்டிருக்கா."